ஒற்றைக் கண்ணால் சாதித்த வீரர்!

கனடா நாட்டு மக்களுக்கு ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். உறைந்த பனிக்கட்டிதான் ஆடுகளம். ஆட்டக்காரர்களின் பூட்சுக்கு அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு இருக்கும். அதில் சறுக்கிக் கொண்டே ஆட வேண்டும். பந்து கிடையாது. கெட்டியான ரப்பர் வில்லைதான். அது குண்டு போலப் பாயும்!

இந்த ஆட்டத்தில் சரித்திரம் படைத்தவர் வில்லி ஓரீ. கறுப்பர் இனத்தவர். 1935-ம் ஆண்டு பிரெடரிக்டன் நகரில் பிறந்தார். வீட்டில் 13 பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி.

கண் போயிற்று

1955-56 பருவம். ஓரீ இளைஞர் அணியில் ஆடிக் கொண்டிருந்தார். பாய்ந்து வந்த வில்லை வலது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. இனி ஹாக்கி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஓரீ கேட்கவில்லை. சில வாரங்களில் மறுபடியும் பனியில் இறங்கினார். கண் தெரியாது என்று தெரிந்தால் பெரிய அணிகளில் இடம் கிடைக்காது. ஆகவே வாயைத் திறக்கவில்லை.

கண்ணை மறைக்க முடிந்தது. நிறத்தை மறைக்க முடியுமா?

முதல் கறுப்பர்

1958 ஜனவரி 18. மாண்ட்ரீல் நகரம். தேசிய ஹாக்கி லீக் ஆட்டம். பாஸ்டன் புரூயின்ஸ் அணியில் ஓரீ இறங்கினார். அந்த லீக்கில் ஆடிய முதல் கறுப்பர் அவர்தான்! பாஸ்டன் 3-0 என்று வென்றது.

பிறகு பல ஊர்களில் ரசிகர்கள் அவரது நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். சிகாகோ ஆட்டத்தில் எதிரணி வீரர் மட்டையால் முகத்தில் இடித்தார். மூக்கு உடைந்தது. முன்பற்கள் விழுந்தன. ஆனாலும் ஓரீ ஆட்டத்தை விடவில்லை.

அந்த லீக்கில் அவர் ஆடியது 45 ஆட்டங்கள். போட்டது 4 கோல். பின்பு லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியகோ அணிகளுக்குப் போனார்.

இடம் மாறியது

அதுவரை அவர் ஆடியது இடது ஓரத்தில். ஆட்டம் நடப்பதோ அவருக்கு வலப்பக்கம். அந்தப் பக்கத்துக் கண்தான் தெரியாதே! கழுத்தை முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சல்சில் அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார்கள். நல்ல கண் ஆட்டத்தைப் பார்த்தது. பிறகு கேட்க வேண்டுமா? இரண்டு பருவங்களில் தலா 38 கோல்! 1979-ல், 43-ம் வயதில் ஓய்வு பெற்றார்.

திறந்த கதவு

தேசிய லீக்கில் அடுத்த கறுப்பர் ஆட 16 ஆண்டுகள் ஆயின. 1974-ல் மைக் மார்சன் வந்தார். அதன்பின் பலர் வந்தார்கள்.

1998-ல் லீக் ஓரீயைத் தேடி அழைத்தது. அவர் ஊர் ஊராகப் போனார். எல்லா இனப் பிள்ளைகளையும் ஹாக்கிக்கு அழைத்தார். 2018-ல் அவர் பெயர் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் ஏறியது. முதல் ஆட்டம் ஆடி 64 ஆண்டுகள் கழித்து, 2022-ல் அதே ஜனவரி 18 அன்று, பாஸ்டன் அணி அவரது 22-ம் எண் சட்டையை உயரத்தில் ஏற்றியது. அந்த அணியில் இனி யாரும் அந்த எண்ணை அணிய முடியாது.

அவர் போட்ட கோல்கள் சில. திறந்த கதவோ பெரிது!