நாத்தனார் படிக்கப் போனாள்!



பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இந்தப் பகுதியில் நிறையத் தோழிகள் எழுதுகிறார்கள். பிள்ளை பெற்றவர்களின் படிப்பைப் பற்றியும் எழுதலாமே என்று தோன்றியதால் இந்தக் கடிதம்.

நாங்கள் இருப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய ஒரு தெரு. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வாடகைக்கு வந்து தங்குவார்கள். காலையில் ஆசிரமம், சாயந்திரம் கிரிவலப் பாதை, ராத்திரியானால் மொட்டை மாடியில் லேப்டாப். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, தன் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். 'இந்த வயசுல என்ன படிப்பு?' என்று அவரை யாரும் கேட்கவில்லை. என் நாத்தனாரிடம் மட்டும் ஊரே கேட்டது!

அவளுக்கு வயது 36. சென்னைக் கம்பெனி ஒன்றில் மருத்துவமனைக் கணக்குகள் பார்க்கும் வேலை. 2020-ல் கொரோனா வந்ததும் வேலையோடு எங்கள் வீட்டு மாடிக்கே வந்துவிட்டாள். கணவருக்கு ஓசூரில் வேலை; வாரம் ஒருமுறை வருவார். பதினோரு வயதில் ஒரு பெண். ஒருநாள் என்னிடம், "அண்ணி, பொது சுகாதாரத்துல மேல்படிப்பு படிக்கணும். இங்கிலாந்துல ஒரே வருஷம்தான். இந்த வேலையையும் விடாம அங்கிருந்தே பார்ப்பேன்" என்றாள்.

என் மாமியார் கொதித்துவிட்டார். "பொண்ணு வயசுக்கு வர்ற நேரம். பெத்தவ கடல் தாண்டிப் போறதா?" அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதே மாமியார், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நோய் வந்தபோது, "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னவர். அந்த ஆஸ்பத்திரி வந்த கதையை அவருக்குச் சொன்னேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னையில் டாக்டர் படிப்பை முடித்தார். பெண்கள், குழந்தைகளுக்கு வரும் நோய்கள் பற்றி மேல்படிப்பு படிக்க 1925-ல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். அப்போது அவருக்கு 39 வயது. இரண்டு பையன்களுக்குத் தாய். கணவர் டாக்டர் சுந்தர ரெட்டியும் பிள்ளைகளும் கூடவே கப்பல் ஏறினார்கள். திரும்பி வந்து சென்னை மாகாண சட்டசபையில் முதல் பெண் உறுப்பினரானார். 1927-ல் அதன் துணைத் தலைவரானார். 1930-ல் அவ்வை இல்லம். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. "39 வயசுல இவங்களுக்கு என்ன படிப்புன்னு வீட்டுல உட்கார வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் அத்தை?" என்றேன். மாமியார் பதில் சொல்லவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்திவிட்டார்!

அப்புறம்தான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. முத்துலட்சுமி அம்மையாரைப் போல் குடும்பத்தோடு போய்விடலாம் என்று நாத்தனார் நினைத்திருந்தாள். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் விதியை மாற்றிவிட்டார்கள். வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள் கணவரையோ பிள்ளையையோ விசாவில் அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்கும், அரசு உதவித்தொகையில் போகிறவர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இருபது வயதில் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. தாய்மார்களுக்குத்தான் இடி!

அடுத்தது வேலை. சென்னையில் ஒரு ஏஜென்ட், "ரூமுக்குள்ள உட்கார்ந்து இந்தியக் கம்பெனிக்குச் செய்யற வேலை யாருக்கும்மா தெரியப் போகுது? முழு நேரமாவே பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். விசா விதிகளை நாத்தனார் வரிவரியாகப் படித்துச் சொல்ல, பத்தாவதோடு நின்ற நான் நோட்டில் எழுதினேன். விதி வேறு மாதிரி இருந்தது. படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த மண்ணில் உட்கார்ந்து செய்தால், சம்பளம் இந்தியாவிலிருந்து வந்தாலும் அந்த 20 மணிக்குள்தான் அடக்கம். காண்ட்ராக்ட் எடுத்துச் சொந்தமாகச் செய்யும் வேலைக்கு அனுமதியே இல்லை. மீறினால் விசா போகும். படிப்பும் கட்டிய பணமும் சேர்ந்து போகும்.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாட்கள். கனடாவில் வாரத்துக்கு 24 மணி. ஆனால் அந்த நாட்டுக்கு வெளியே உள்ள கம்பெனிக்குச் செய்யும் வேலை அந்தக் கணக்கில் வராது. அதனால் ஏஜென்ட் வாயை நம்பாமல், அந்தந்த நாட்டு அரசின் விதியைப் படித்துப் பாருங்கள்.

நாத்தனார் கம்பெனியில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். வாரம் 20 மணி நேரம், பாதிச் சம்பளம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு என்று முப்பது லட்சத்துக்கு மேல் போனது. சுகாதார வரி என்று மட்டும் வருடத்துக்கு 776 பவுண்டு! சேமிப்பு போக மீதிக்குக் கல்விக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றதும் வங்கியில் ஈடு கேட்டார்கள். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? என் மாமியார்தான்! படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை கட்டினால் போதும். ஆனால் வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். அந்த வட்டியை அவள் பாதிச் சம்பளம் தாங்குகிறது.

போன செப்டம்பரில் போனாள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இங்கே கம்பெனி காலை 10 மணிக்குத் தொடங்கினால் அங்கே விடியற்காலை நாலரை. எட்டரை வரை வேலை, பிறகு குளித்துவிட்டு வகுப்பு. "நம்ம வீட்டுல கோலம் போட எழுந்த பழக்கம் இங்க உதவுது அண்ணி" என்று சிரிக்கிறாள்.

இங்கே எல்லாம் இனிப்பாக இருந்ததாக எழுத மாட்டேன். முதல் இரண்டு வாரம் குழந்தை அம்மாவோடு போனில் பேசவே மறுத்துவிட்டாள். காய்ச்சல் வந்த ராத்திரி "அம்மா" என்று முனகியபோது எனக்கே நெஞ்சு அடைத்தது. பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். தினமும் சாயந்திரம் 7 மணிக்கு, அங்கே மதிய இடைவேளையில், வீட்டுப்பாடம் முழுவதும் அம்மாவோடுதான். இப்போது பேசுகிறாள். ஆனாலும் பள்ளிக்கூட விழா நாளில் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரு வருடம் என்பது குழந்தைக்கு நீண்ட காலம்தான்.

தோழியரே, படித்து, வேலை பார்த்து, குழந்தை பெற்ற பிறகும் படிக்க ஆசைப்படும் பெண் எந்த வீட்டிலும் இருக்கலாம். கடன் இல்லாத வழியும் உண்டு. இங்கிலாந்து அரசின் செவெனிங் உதவித்தொகைக்கு மேல் வயது வரம்பு கிடையாது. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். படித்து முடித்துத் திரும்பி இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். போக முடியாதவர்களுக்கு இங்கேயே இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

உங்கள் வீட்டு மருமகளோ நாத்தனாரோ படிக்கக் கேட்டால், வயதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவளோடு உட்காருங்கள். எந்த விசா, எத்தனை மணி வேலை, வட்டியை யார் கட்டுவது, பிள்ளையை யார் பார்ப்பது என்ற நாலு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். நாலாவது கேள்விக்கு நேராக உங்கள் பெயரை எழுத முடிந்தால், அவளுக்குக் கிடைக்கும் பெரிய உதவித்தொகை அதுதான். என்ன தோழியரே, எழுதுவீர்கள்தானே?

- ஒரு வாசகி, ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.