வீட்டுத் திறப்பும் கடவுச்சொல்லும்

அலுமாரித் திறப்பு எங்கே இருக்கின்றதென்பதை வீட்டில் இருவராவது அறிந்திருத்தல் நம்மவரின் பழைய வழக்கம். இன்றோ மின்கட்டணம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் விண்ணப்பங்கள், குடும்பப் படங்கள் யாவும் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டன. அவற்றின் திறப்பாகிய கடவுச்சொல்லோ பெரும்பாலும் ஒருவரது நினைவில் மாத்திரம் தங்கியிருக்கின்றது. அவர் திடீரென நோயுற்றால், அல்லது மறைந்தால், வீட்டாரின் துயரத்தோடு திறக்கவியலாத கதவுகளும் சேர்ந்துகொள்கின்றன.

அப்படியாயின், எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவைத்தல் நன்றன்றோ என வாசகர் வினவலாம். அன்று என்பதே நமது விடை. எதனை, யாரோடு, எவ்வழியில் என்பதை அறிந்தே பகிர்தல் வேண்டும்.

முதலாவது, பொதுவானதையும் தனியானதையும் பிரித்தறிதல். மின்கட்டணக் கணக்கு குடும்பத்துக்குப் பொது. வங்கி அட்டையின் இரகசிய இலக்கமும், தொலைபேசிக்கு வந்துசேரும் ஒருதடவைக் குறியீடும் உரியவருக்கே உரியவை. வங்கி உத்தியோகத்தர் எனக் கூறிக்கொண்டு எவர் கேட்பினும் அவற்றைச் சொல்லலாகாது. கணவனும் மனைவியும் ஒரே கணக்கைக் கையாள வேண்டுமாயின், கூட்டுக் கணக்குத் திறப்பதே நேரிய வழி.

இரண்டாவது, ஒரே சொல்லை எல்லாக் கதவுகளுக்கும் இடாமை. 2009ஆம் ஆண்டில் றொக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் களவுபோயின. அவற்றுள் மிகப் பலர் தெரிந்தெடுத்திருந்தது 123456 என்பதாகும். ஓரிடத்தில் திருடிய சொல்லை வேறிடங்களிலும் இட்டுப் பார்ப்பது கள்வர் வழக்கம். ஆதலின் கணக்குக்கொரு சொல் வேண்டும். அது நீண்டதாயும் இருத்தல் வேண்டும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்தால், நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும்.

மூன்றாவது, பகிரும் வழி. குறுஞ்செய்தியில் அனுப்பிய கடவுச்சொல் இருவரது தொலைபேசியிலும் கிடந்து, அதனை எடுப்போர் கண்ணிலெல்லாம் படும். கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் செயலிகள் உள்ளன. அவற்றுட் சில, குறித்த ஒன்றை மட்டும் வீட்டாரோடு பகிர இடந்தருவன. செயலியை விரும்பாதோர் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியிற் பூட்டிவைக்கலாம். தொலைதூரத்துக் கள்வனின் கை அக்கொப்பிக்கு எட்டாது. ஆனால் அதனைக் கைப்பையிற் கொண்டு திரியலாகாது.

நான்காவது, நாம் இல்லாத நாளுக்குரிய ஏற்பாடு. உரியவர் தாம் குறித்த மாதங்கள் வரை கணக்கைப் பயன்படுத்தாவிடின், அவர் முன்னரே பெயரிட்டோருக்கு அறிவித்து, அனுமதித்தவற்றை வழங்கும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2013இல் தொடங்கியது. மரணத்தின் பின் கணக்கை அணுகத்தக்கவரைக் குறித்துவைக்கும் வசதியை அப்பிள் நிறுவனம் 2021இல் அளித்தது. உயிரோடிருக்கும்போதே இவற்றைச் செய்துவைத்தல் வேண்டும்.

இளைஞர் சிலர் நட்பின் அடையாளமாகக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகின்றனர். நட்பு முறிந்த அன்று அச்சொல்லே ஆயுதமாகின்றது. தம்பதியருள்ளும், "என்னிடம் மறைப்பதென்ன?" என்னும் வினா எழுவதுண்டு. மறைத்தல் வேறு, காத்தல் வேறு. மற்றவர் கடிதத்தைப் பிரியாதிருத்தலும் அன்பின் ஒரு பகுதியே.

ஆதலின், இன்று மாலை குடும்பமாக அமர்ந்து, எல்லோரும் அறியவேண்டியவை, இருவர் அறியவேண்டியவை, ஒருவருக்கே உரியவை என மூன்று பட்டியல்கள் தயாரிப்போமாக. சொற்களை அதில் எழுதவேண்டியதில்லை. கணக்குகளின் பெயரே போதும். ஒரு மணி நேரத்தில் முடியும் இவ்வேலை, நெருக்கடி நாளில் வீட்டாரின் அலைச்சலைப் பெரிதும் குறைக்கும்.