தங்கமில்லாத தங்கம்

துனீசியாவில் கைரவான் பெரிய பள்ளிவாசல். தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஓடுகள் பதித்திருக்கிறார்கள். வயது ஏறத்தாழ 1,150. நேரே நின்றால் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும் சித்திரம், ஓரடி நகர்ந்ததும் பொன்னாக மின்னும். பொட்டுத் தங்கம் அதில் கிடையாது.

இந்த வித்தை 9ஆம் நூற்றாண்டில் இராக்கில் மட்பாண்டத்துக்கு வந்தது. சீனத்து வெள்ளைப் பாண்டங்கள் கப்பலில் வந்திறங்கிய காலம் அது. இராக்கின் பஸ்ரா நகரக் குயவர்களுக்கு அந்த வெள்ளை மண் வாய்க்கவில்லை. மஞ்சள் களிமண்ணில் கிண்ணம் வனைந்து, வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சால் மூடினார்கள். அந்த வெள்ளையின்மேல் பொன் எழுதத் துணிந்தார்களே, அதுதான் பெரிய காரியம்.

செம்பு, வெள்ளிச் சேர்மங்களைக் காவிமண்ணோடு குழைத்து, ஏற்கெனவே சுட்ட பாண்டத்தில் தீட்டுவார்கள். மறுபடி சூளை. இந்தமுறை சூடு 600 டிகிரி அளவுதான். பூச்சு இளகும், ஓடாது. அப்போது காற்றைக் குறைத்துப் புகையவிடுவார்கள். செம்பு, வெள்ளி அயனிகள் பூச்சுக்குள் புக, அங்கிருந்த சோடியமும் பொட்டாசியமும் இடம்விட்டு வெளியேறும். புகைக்கு ஆக்சிஜன் பசி. அதைப் பிடுங்கிக்கொள்ள, புகுந்தவை உலோகத் துகள்களாகிவிடும். ஒவ்வொரு துகளும் சில நானோமீட்டர்தான். பொன்னாக மின்னுபவை இவைதான்.

காற்று கூடினால் பொன்நிறம் பிறக்காது. புகை மிஞ்சினால் பாண்டமே பாழ். வெப்பமானி இல்லாத நாளில் இதைக் கைப்பழக்கத்தால் சாதித்தவர்களை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

ஈரானின் காஷான் நகரில் தலைமுறை தலைமுறையாக இதே தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், 1301இல் செய்முறையை எழுதிவைத்தார். 72 மணி நேரம் மென்புகையில் சுட்டு, ஆறியபின் ஈரமண்ணால் தேய்க்க வேண்டும் என்கிறார். மேலே கருகிய காவிமண் பொருக்கு உதிர, அடியிலிருந்து பொன் எழும்.

குர்ஆனின் ஒளி வசனம் இறையொளியை மாடத்து விளக்குக்கு ஒப்பிடுகிறது. அதனால் காஷான் மிஹ்ராப் ஓடுகள் சிலவற்றில் சங்கிலியில் தொங்கும் விளக்கையே புடைப்பாக வடித்தார்கள். பக்கத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றினால் அந்த மண்விளக்கும் சுடர்விடும்.

அருங்காட்சியகத்தில் இத்தகைய ஓட்டைக் கண்டால் நின்ற இடத்திலிருந்தே படமெடுத்துத் திரும்பிவிடாதீர்கள். இரண்டடி நடந்து, பக்கவாட்டில் பாருங்கள்.