உளவியல் பயில விரும்புவோரின் பாடத் தெரிவு

கல்விப் பொதுத் தராதர சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் இந்நாட்டின் பல்லாயிரம் இல்லங்களில் ஒரே வினா எழுகின்றது. உயர்தரத்திற் பிள்ளை எதைப் படிப்பது? மருத்துவம், பொறியியல், சட்டம் என்னும் விடைகள் பெற்றோர்க்குப் பழகியவை. அவற்றுக்குச் செல்லும் வழியை அயலவரும் அறிவர். ஆனால், "உளவியல் படிக்கப் போகின்றேன்" என்று பிள்ளை சொல்லுமாயின் வீட்டார் சற்றுத் திகைப்பர். அது கலையைச் சேர்ந்ததா, விஞ்ஞானத்தைச் சேர்ந்ததா? அதற்கு எப்பாடங்களை எடுக்க வேண்டும்? படித்தபின் பிழைப்புக்கு வழி உண்டா? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கூறுவோர் ஊரில் அரியர். பதினாறு வயதிற் செய்யும் தெரிவோ அதன்பின் வரும் பல ஆண்டுகளை நிர்ணயிப்பது. ஆதலின் இதனை ஆற அமர நோக்குதல் தகும்.

இத்துறையில் இளைஞர் நாட்டங் கொள்வது வியப்பன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கிக் கரையோர ஊர்களை அழித்தது. 2009ஆம் ஆண்டு மே மாதம் நீண்ட போர் முடிவுற்றது. உடலிற் காயமின்றியும் உள்ளத்திற் காயம் நிலைத்திருக்கும் என்பதனை இவ்விரு நிகழ்ச்சிகளும் நம்மவர்க்குக் காட்டின. உளவளத்துணை என்னுஞ் சொல் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் வழக்கிற்கு வந்துள்ளது. பிறர் துயரைத் தணிக்கும் அறிவைப் பெறவேண்டும் என்று ஒரு மாணவியோ மாணவனோ விரும்பினால் அவ்விருப்பம் போற்றத் தக்கது. எனினும் விருப்பம் மட்டும் வழியைக் காட்டாது.

முதலில் ஒரு மயக்கம் நீங்க வேண்டும். உளமருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. உளமருத்துவர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்பின் உளமருத்துவத்திற் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதும் உரிமை அவருக்குண்டு. அவ்வழியை நாடும் பிள்ளை உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையுமே எடுத்தல் வேண்டும். அங்கே வேறு தெரிவுக்கு இடமில்லை. உளவியலாளரோ மனிதரின் நடத்தை, நினைவு, கற்றல், உணர்ச்சி, வளர்ச்சி என்பனவற்றை ஆராய்பவர். அவர் மருத்துவப் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை அறியாது கலைப்பிரிவிற் சேர்ந்து, பின்னர் மருந்து கொடுக்கும் தொழிலை எதிர்பார்த்து ஏமாறுவோரும் உளர். எண்ணத்தில் இருப்பது எது என்பதனை, பாடங்களைத் தெரிவதற்கு முன்னரே பிள்ளை தெளிந்துகொள்ள வேண்டும்.

உளவியல் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்ற வினாவுக்கு அத்துறையின் வரலாறே நல்ல விடை தருகின்றது. 1860ஆம் ஆண்டில் புலனுணர்வை அளக்கும் முறைகளை நூலாக்கிய பெக்னர், பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். 1879ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுகூடம் நிறுவிய வூண்ட், மருத்துவம் பயின்றவர். அமெரிக்காவின் வில்லியம் ஜேம்சும் மருத்துவப் பட்டதாரியே. பிற்காலத்தில் அவர் மெய்யியலாளராகவும் விளங்கினார். மறதி எவ்வளவு விரைவில் நிகழ்கின்றது என்பதனைத் தம்மையே சோதனைப் பொருளாக்கி அளந்து 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட எபிங்கவுசு, வரலாறும் மொழியியலும் மெய்யியலும் கற்றவர். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாசே, நத்தை முதலிய மெல்லுடலிகளைப் பற்றி ஆய்வு செய்து 1918ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற விலங்கியலாளர். இவர்கள் வெவ்வேறு வாயில்கள் வழியாக ஒரே மண்டபத்துக்கு வந்தவர்கள். அம்மண்டபத்துக்குக் கலை வாயிலும் உண்டு, விஞ்ஞான வாயிலும் உண்டு.

இலங்கையில் இன்றைய நிலையும் இதனையொத்ததே. உயர்தரப் பரீட்சையில் உளவியல் என்றொரு தனிப்பாடம் இல்லை. ஆகவே உளவியலை முன்னரே படிக்கவில்லையே என்று எம்மாணவரும் கவலையுற வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் எல்லாரும் அகரத்திலிருந்தே தொடங்குவர். அப்பாடம் உயர்தரத்தில் உள்ள பிரித்தானியாவிலுங்கூட, பல பல்கலைக்கழகங்கள் அதனைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. இந்நாட்டிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கலைப்பீடத்திற் கற்பிக்கப்படுகின்றது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமோ அதனை விஞ்ஞானமாணிப் பட்டமாக வழங்குகின்றது. ஒரே துறை இருவேறு பெயர்களில் நிற்பதனால், சேர விரும்பும் பட்டநெறி எதனைக் கேட்கின்றது என்பதனைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலிலும், உரிய பல்கலைக்கழகத்தின் அறிவித்தலிலும் பார்த்தறிதல் இன்றியமையாதது. சென்ற ஆண்டிற் சேர்ந்த ஒருவர் வாய்மொழியாகச் சொன்னது இவ்வாண்டுக்குப் பொருந்தாது போகலாம்.

இனி, எப்பாடம் எவ்வகையில் உதவும் என்பதனை நோக்குவோம்.

உளவியல் கதை கேட்கும் கலை என்றெண்ணிச் சேரும் மாணவர் பலர், முதலாண்டிலே புள்ளிவிபரவியலைக் கண்டு திடுக்கிடுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. எட்டாந் தரத்தில் நாற்பது மாணவர் இருக்கின்றனர் என்று கொள்வோம். இருபதின்மர் இருபது சொற்களை உரக்கப் படித்து மனனஞ் செய்கின்றனர். மற்றை இருபதின்மர் அவற்றையே எழுதி மனனஞ் செய்கின்றனர். மறுநாள் முதற் பிரிவினர் சராசரியாகப் பன்னிரண்டு சொற்களையும், இரண்டாம் பிரிவினர் பதினான்கையும் நினைவு கூருகின்றனர். எழுதிப் படிப்பதே சிறந்தது என்று உடனே முடிவு கட்டலாமா? கெட்டிக்காரர் சிலர் தற்செயலாக இரண்டாம் பிரிவில் அமைந்திருக்கலாம். அவ்வேறுபாடு தற்செயலானதா, முறையினால் விளைந்ததா என்பதனை நிறுத்துக் கூறும் தராசே புள்ளிவிபரவியல். அத்தராசின்றி உளவியல் வெறும் அபிப்பிராயமாகிவிடும். சாதாரணதரக் கணிதத்தில் வரும் இடை, இடையம், மீடிறன் பரம்பல், நிகழ்தகவு என்பன இதன் அடித்தளமாகும். கணிதத்திற் சித்தி பெற்றதும் புத்தகத்தைக் கட்டி வைத்துவிடுவது உளவியல் மாணவருக்கு ஆகாது. உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியலைப் பயில வாய்ப்புள்ளவர் பல்கலைக்கழகத்திற் பெரிதும் இலகுவாக நடப்பர்.

அடுத்தது உயிரியல். 1861ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா, ஓர் அசையையன்றி வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்கத்து முன்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். பேச்சு மூளையின் ஒரு பகுதியோடு தொடர்புடையது என்பது அதனால் விளங்கிற்று. அச்சம், உறக்கம், நினைவு, அடிமைப் பழக்கம் ஆகிய எதனை எடுத்தாலும் நரம்புக்கலமும் ஓமோனும் பற்றிய அறிவின்றி அதனை முழுதாக விளக்க முடியாது. உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் பயின்றவருக்கு இவ்வறிவு கைவசம் இருக்கும். கலைப்பிரிவினர் சாதாரணதர விஞ்ஞான நூலில் நரம்புத்தொகுதி, அகஞ்சுரக்குந்தொகுதி பற்றிய பகுதிகளை மீளக் கற்றாற் போதிய தொடக்கம் கிடைக்கும்.

கலைப்பிரிவினர் இதனாற் குறைந்தவரல்லர். அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்னும் உயர்தரப் பாடம் இத்துறைக்கு மிக அணித்தானது. கருதுகோள் என்றால் என்ன, சான்றுக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றை அப்பாடம் பயிற்றுகின்றது. வரலாறும் புவியியலும் மனிதரைச் சூழலில் வைத்துக் காணக் கற்பிக்கும். மொழிப் பாடத்தின் பயனோ பலரும் அறியாதது. பிரித்தானிய உளவியலாளர் பார்ட்லெற், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயருக்குப் படிக்கக் கொடுத்து, சிலகாலங் கழித்து அதனைத் திரும்பச் சொல்லுமாறு கேட்டார். அவர்கள் பழக்கமற்ற செய்திகளை நழுவவிட்டு, தம் ஊர் வழக்குக்கேற்பக் கதையை மாற்றிக் கூறினர். 1932ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல், நினைவு என்பது சேமித்து வைத்ததை அப்படியே எடுத்தலன்று, மீளக் கட்டுதலே என்பதனைக் காட்டிற்று. கதையின் போக்கை உணராதவர் இத்தகைய ஆராய்ச்சியைச் செய்ய முடியாது.

தமிழறிவுக்கு மேலும் ஒரு தேவை உண்டு. துயரத்தை அளக்கும் வினாக்கொத்துகளிற் பல ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டவை. நம் ஊர்த் தாய் ஒருத்தி தன் சோர்வைச் சொல்லும்போது "நெஞ்சு பாரமாயிருக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "ஒண்டிலும் மனம் போகுதில்லை" என்பாள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த வினா அவளுக்கு விளங்காது. அவள் "இல்லை" என்று விடை கூற, அவளுக்குத் துயரமே இல்லையென ஆய்வாளர் எழுதிவிடுவார். இதனைத் தவிர்ப்பதற்காகவே ஒருவர் தமிழாக்கியதை இன்னொருவர் மூலத்தைப் பாராமல் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்புநோக்கும் முறை கைக்கொள்ளப்படுகின்றது. இப்பணிக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே வேண்டும். உளவியல் நூல்களிலும் ஆய்வேடுகளிலும் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளமையால், உயர்தரம் பயிலும் ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஒரு பக்கமாயினும் ஆங்கிலம் வாசித்துப் பழகுதல் நன்று.

பாடங்களின் பயனைக் கூறியபின் பரீட்சையின் இயல்பையும் கூறவேண்டும். பல்கலைக்கழக அனுமதி வெறும் புள்ளிகளால் அன்றி, இசற்-புள்ளியால் நிர்ணயிக்கப்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பர். சராசரி 50, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 65 பெற்றவருக்கு 1.5 கிடைக்கும். சராசரி 60, நியம விலகல் 20 ஆகவுள்ள பாடத்தில் 70 பெற்றவருக்கு 0.5 மட்டுமே கிடைக்கும். கூடிய புள்ளி பெற்றவர் குறைந்த இடத்தில் நிற்பதைக் காண்க. மூன்று பாடங்களின் இவ்வெண்களுடைய சராசரியே இறுதியில் எண்ணப்படும். ஆகவே "இலகுவான பாடம், எல்லாரும் சித்தியெய்துகின்றனர்" என்ற பேச்சை நம்பிப் பாடந் தெரிதல் பயனற்றது. தம்முடன் எழுதுவோரைவிட எப்பாடத்தில் தாம் மேம்பட்டு நிற்க இயலும் என்பதே கேட்கவேண்டிய வினா. இக்கணக்கு முறை உளவியல் அளவீட்டிலும் நாள்தோறும் பயன்படுவது என்பதும் இங்கு அறியத்தக்கது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாத் தெரிவும் கிட்டுவதில்லை. நம் நாட்டில் 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி வகைப் பாடசாலைகளிற் கலையும் வர்த்தகமுமே உள்ளன. பேருந்து குறைந்த ஊரிலிருந்து நகரப் பாடசாலைக்குச் செல்ல முடியாத மாணவிக்கு, விருப்பம் விஞ்ஞானமாயினும் தெரிவு கலையாகவே அமையக்கூடும். அவள் தன் எண்ணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அளவையியல், தமிழ், புவியியல் போன்ற பாடங்களை ஊன்றிப் படித்து, கணிதத்தையும் ஆங்கிலத்தையும் கைவிடாது பேணுவாளாயின், கலைப்பீட வாயில் அவளுக்குத் திறந்தே இருக்கும். எப்பிரிவு உள்ளதோ அப்பிரிவில் மிகத் திறமாகச் செய்வதே அவளுக்குரிய வழி.

இறுதியாகப் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஓர் எச்சரிக்கை. தன் வீட்டுத் துயருக்கு மருந்து தேடி உளவியலை நாடும் பிள்ளைகள் உளர். பட்டப்படிப்பு அத்துயரை ஆற்றும் சிகிச்சையன்று. அதற்கு உதவி வேண்டின் அவ்வுதவியை இன்றே நாடுதல் வேண்டும். மேலும், முதற்பட்டம் பெற்றமாத்திரத்தே ஒருவர் நோயாளருக்குச் சிகிச்சை செய்யத் தகுதியுடையவராகார். அதற்கு மேற்படிப்பும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் வேண்டும். இவ்வளவு நீண்ட வழியை நடக்கப் பொறுமையுள்ள பிள்ளையா என்பதைப் பெற்றோர் கண்டறிந்து, ஆமெனின் "இது என்ன வேலைக்கு உதவும்" என்று தடுக்காது துணைநிற்க வேண்டும். எண்ணுக்கு அஞ்சாமையும் சொல்லை மதித்தலும் பிறர் கூறுவதை இடைமறிக்காது கேட்கும் பண்பும் உடைய பிள்ளை, கலைப்பிரிவிலிருந்து சென்றாலும் விஞ்ஞானப் பிரிவிலிருந்து சென்றாலும் இத்துறையில் நற்பணி ஆற்றும் என்பதில் ஐயமில்லை.