சமையல்காரர் பெயரில் ஒரு சங்கேதம்

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் ஜூனியரிடம் ஒரே ஒரு வார்த்தை: "காக்ஸ்." கேஸ் ஷீட்டிலும் அதுவே ஏறுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணுக்கோ, அழைத்து வந்த மாமியாருக்கோ ஒன்றும் புரியவில்லை. புரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. இந்திய ஆஸ்பத்திரிகளில் டி.பி.க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் ரகசியப் பெயர் அது.

உண்மையில் அது ஒரு ஜெர்மன் குடும்பப் பெயர். 'காக்' என்றால் சமையல்காரர். முல்லர் என்றால் மாவு அரைப்பவர், ஷ்மிட் என்றால் கொல்லர் என்பதுபோல, முப்பாட்டன் யாரோ செய்த தொழில் வம்சத்தோடு ஒட்டிக்கொண்ட கதைதான். (கூச் பெஹார் பக்கத்து கோச் இன மக்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1978 முதல் 1989 வரை நியூயார்க் மேயராக இருந்த எட் காக் இந்தப் பெயர்க்காரர்தான். புக்கன்வால்ட் நாஜி வதைமுகாமின் தலைவனாக இருந்த கார்ல் காக்கும்தான்.

ஆனால் கேஸ் ஷீட்டில் இருப்பவர் ராபர்ட் காக். காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் நிரூபித்தவர். அடுத்து காலராவைத் துரத்திக்கொண்டு எகிப்து போனார். அங்கே நோய் அடங்கிவிடவே கல்கத்தா வந்தார். ஒரே குளத்தில் குளித்து, துணி துவைத்து, அதே நீரைக் குடிப்பதைப் பார்த்தார். 1884 ஜனவரியில் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார்.

பெயருக்கேற்ப அவருடைய ஆய்வுக்கூடத்தில் சமையல் வாசனை கொஞ்சம் தூக்கல். கிருமிகளை முதலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் வளர்த்தார். பிறகு ஜெலட்டின், அதுவோ சூட்டில் உருகி வழிந்தது. வழி சொன்னது ஒரு பெண். காக்கிடம் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி. ஜாவாவில் வாழ்ந்திருந்தவர்களிடமிருந்து அவர் கற்ற ஜெல்லி, அகர் அகர். நாம் சைனா கிராஸ் என்று கடையில் வாங்குவதுதான். இன்றும் உலகெங்கும் லேப்களில் கிருமிகள் அதில்தான் வளர்கின்றன. 1882 கட்டுரையில் காக் அகரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே தம்பதியைக் குறிப்பிடவில்லை.

1890ல் டி.பி.க்கு மருந்து கண்டதாக அறிவித்தபோதும் அப்படித்தான். 'டியூபர்குலின்' எதிலிருந்து தயாரானது என்பதை முதலில் மறைத்தார். பெர்லினில் நோயாளிகள் குவிந்தார்கள். குணமாகவில்லை, சிலர் செத்தும்போனார்கள். டி.பி. இருக்கிறதா என்று தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனைக்குத்தான் அது பிற்பாடு உதவியது. 1905ல் நோபல் பரிசு வந்தது.

நோயைக் காட்டிக்கொடுத்தவர் பெயராலேயே நோயை மறைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டி.பி. என்று வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சு நிற்கும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். பல டாக்டர்கள் இரக்கத்தால்தான் மறைக்கிறார்கள். ஆனால் வழக்கமான சிகிச்சைக்கு ஆறு மாதம் மாத்திரை விழுங்க வேண்டும். இரண்டே மாதத்தில் இருமல் நின்றுவிடலாம். தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவள் மீதி மாத்திரையை எதற்காக விழுங்குவாள்? பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத கிருமி மிஞ்சும். உலகின் டி.பி. நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இருக்கும் தேசத்தில் இது சின்ன விஷயமல்ல.

2012 முதல் ஒவ்வொரு டி.பி. நோயாளியைப் பற்றியும் டாக்டர்கள் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். அந்தப் படிவத்தில் காசநோய் என்றே எழுதியாக வேண்டும். அந்தப் பெண்ணின் கையிலுள்ள சீட்டில் மட்டும் 'காக்ஸ்.'