நெருஞ்சி விதையும் குருவியின் அலகும்

பரிணாம மாற்றத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சில சமயம் ஒரே ஒரு வறட்சி போதும், நேயர்களே.

பசிபிக் கடலில், ஈக்வடார் நாட்டின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்றொரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து குறித்துவந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்தன. மிஞ்சியது, நம்மூர் நெருஞ்சிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் முள் விதை. வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்கு நெருஞ்சியின் குணத்தைச் சொல்லவா வேண்டும்! அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். மெல்லிய அலகுள்ள குருவிகள் கொத்துக் கொத்தாக மடிந்தன.

பஞ்சத்தைப் பார்த்து எந்தக் குருவியும் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. தடித்த அலகோடு பிறந்திருந்தவை அதிகம் பிழைத்தன, அவ்வளவுதான். அலகின் கனம் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு இறங்கும் என்பதால், அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு!

1983-இல் எல் நினோ பெருமழை கொட்டியது. சிறு விதைகள் மலிந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் சிறிய அலகுக்கு யோகம் அடித்தது. அலகின் அளவோடு தொடர்புள்ள மரபணு ஒன்றையும் ஆய்வாளர்கள் 2016-இல் அடையாளம் காட்டினார்கள். அதன் பெயர் எச்.எம்.ஜி.ஏ.2.