சட்டியில் படிந்த கரி

பூமியைத் தோண்டும் ஆராய்ச்சியாளனுக்குப் பொன்னும் மணியும் எப்போதாவது கிடைக்கலாம். பானை ஓடு கிடைக்காத நாளே இல்லை. அரிஸோனாவில் கார்ட்டர் ராஞ்ச் என்னும் புராதனக் குடியிருப்பின் ஓடுகளை 1960-களில் ஆராய்ந்த வில்லியம் லாங்கேக்கர், சிற்சில கோலங்கள் ஒரு பகுதி வீடுகளில் மட்டுமே திரண்டு கிடக்கக் கண்டு, வனையும் வித்தையைத் தாயே மகளுக்குக் கற்பித்தாள் என்றும், மணமான பின்னும் மகள் தாய்வீட்டை விட்டு அகலவில்லை என்றும் அநுமானித்தார். மாண்டவர்களைக் கேட்டுத் தெளிய வழியில்லை ஆதலால், உயிரோடிருக்கும் குயத்தியரிடமே அந்தக் கொள்கையைப் பரீட்சித்துப் பார்க்க, 1973-இல் பிலிப்பைன்ஸின் கலிங்கா மலைநாட்டுக்குப் பயணமானார்.

அங்கே சக்கரம் கிடையாது. பெண்கள் களிமண்ணைக் கையால் எழுப்பி, உட்புறம் கல்லை அணைத்து வெளிப்புறம் பலகையால் தட்டி, வெட்டவெளியில் சுட்டெடுத்து, சூடு ஆறுமுன்பே பிசினைப் பூசிவிடுவார்கள். கழுத்துக் கோலங்களை ஒப்பிட்டபோதோ, தாயின் கையைவிட ஒத்த வயதுத் தோழியரின் கையே அவற்றில் அதிகம் தெரிந்தது.

என் வரையில், கோலங்களைக் காட்டிலும் ருசிகரமானது அடுப்படியில் கிடைத்த பாடந்தான். 1988-இல் அதே மலைநாட்டின் கினா-ஆங் என்னும் ஊரில் ஜேம்ஸ் ஸ்கிபோ என்ற ஆராய்ச்சியாளர், பெண்கள் சமைப்பதையே கூர்ந்து கவனித்தார். சோற்றுக்கு ஒரு பானை, கறிக்கு வேறு பானை. நம்மைப் போல் கஞ்சி வடிக்காமல், நீர் சுண்டியதும் சோற்றுப்பானையை இறக்கித் தணலோரம் வைத்து, அவ்வப்போது திருப்பிவிடுவது அவர்கள் வழக்கம். தணலை நோக்கிய பக்கத்தில் பருக்கை தீய்ந்து, உட்சுவரின் கீழ்ப்பாகத்தில் கருந்திட்டு விழுகிறது. கறிப்பானை கடைசிவரை தீயின்மேலேயே இருப்பதால், குழம்பின் மட்டத்தை ஒட்டி வளையமாகக் கருகுகிறது. வெளிப்புறக் கரிக்கும் ஒரு நியாயம் உண்டு: நீர் உள்ளவரை சுவர் கொதிநிலையைத் தாண்டி அதிகம் சூடேறாது, ஆதலால் புகை அதில் படிந்து நிற்கும்; நீர் வற்றிச் சுவர் காய்ந்து கொதித்தால், படிந்த கரியே எரிந்துபோய் மண்ணின் நிறம் மீளும்.

ஆகவே, ஓர் ஓட்டின் உள்ளும் புறமும் கறுத்த இடங்களை வைத்தே, அந்தப் பானை எப்படி அடுப்பேறியது என்பதை ஊகிக்கலாம். சுவரின் நுண்துளைகளில் ஊறிய கொழுப்பைப் பிரித்தால், உள்ளே வெந்தது இன்னதென்பதற்கும் துப்புக் கிடைக்கும். ஆனால், கிடைத்த ஓட்டைத் தொட்டியில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பது அகழாய்வு முகாம்களின் நெடுநாளைய வழக்கம். சித்திரம் துலங்க அது வேண்டியதே. எனினும் தீய்ந்த பருக்கையின் கரியும் அழுக்கோடு அழுக்காகப் போய்விடுகிறது. அதனால்தான், இரசாயனப் பரிசோதனைக்கு உத்தேசித்த ஓடுகளை, ஒட்டிய மண்ணையும் உதிர்க்காமல் தனியே எடுத்து வைக்கிறார்கள்.